இழைப்புளி எப்படிச் சீவுகிறது?

காரைக்குடிப் பக்கம் கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்ற நினைக்கிறவர்கள் மரம் தேடி அலைய வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண் எல்லாம் கிடக்கும். அதில் நிறைய பர்மா தேக்கு, தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த கட்டை. கருவி வாங்குவதில்தான் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் மாதமே டேபிள் ரம்பம், பள்ளம் குடைகிற ரூட்டர் மெஷின் என்று ஷெட்டு நிறைந்துவிடும். என்னைக் கேட்டால் மரத்தின் முகத்தைச் சீவி வழவழப்பாக்கும் ஒரு கை இழைப்புளி, இரண்டு மூன்று உளி, மூலைமட்டம், சாணைக்கல், கட்டையைப் பிடிக்க ஒரு வைஸ், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். அதிலும் இழைப்புளி வேலை செய்யும் விதம் பிடிபட்டுவிட்டால், உளியும் ரம்பமும் பாதி புரிந்த மாதிரிதான்.

மரத்திலிருந்து தொடங்குவோம். நீள நீளமான நுண்குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விளக்குமாற்று ஈர்க்குக் கட்டு மாதிரி இருப்பதுதான் மரம். நீளவாக்கில் இழுத்து அறுப்பது கஷ்டம், பக்கவாட்டில் பிரிப்பது சுலபம். நார் ஓடும் திசையில் மரத்துக்கு உள்ள இழுவை வலிமை, குறுக்கே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். இழைப்பில் வரும் சங்கடம் எல்லாம் இதனால்தான்.

சாதாரண இழைப்புளியில் பிளேடு 45 பாகை சாய்வில் உட்கார்ந்திருக்கும். தள்ளும்போது முனை நாரை வெட்டுகிறது, பின்னால் வரும் சரிவு சீவலை மேலே நெம்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே மரத்தின் முகம் வழவழப்பாகும் அல்லது பிய்யும். சீவல் தடிமனாக இருந்தால் வளையாது. விறைத்து நின்று, நெம்புகோலாகி, முனைக்கு முன்னாலேயே மரத்தைப் பிளந்துகொண்டு ஓடும். பிளவு நார் போகும் வழியில்தான் போகும். நார் மேலேறி முகத்துக்கு வந்தால் பிளவும் வெளியே வந்து முடிந்துவிடும், சேதமில்லை. நார் மரத்துக்குள் இறங்கினால் பிளவும் கூடவே இறங்கும், கொஞ்ச தூரத்தில் சீவல் முறியும்போது அங்கே ஒரு குழி விழும். கட்டை பிய்கிறது என்றதும் ஆசாரிகள் அதைத் திருப்பிப் போட்டு எதிர்ப் பக்கமிருந்து இழைப்பது இதற்காகத்தான்.

ஒரு தகடு எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பது அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. சீவலின் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்றில் ஒன்றாக்கினால் 27-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். 0.05 மில்லிமீட்டர் சீவலுக்கு நெம்புகிற தெம்பே கிடையாது, வளைந்து சுருண்டுவிடும். கடைசி இழைப்புக்குப் பிளேடை உள்ளே இழுத்து வைப்பதன் கணக்கு இது.

ஆனால் முடிச்சைச் சுற்றி நார் எல்லாப் பக்கமும் திரும்பும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் ஏதோ ஓர் இடம் பிய்யும். அங்கே உதவுவது பிளேடின் முதுகில் திருகி வைத்திருக்கும் மேல்தகடு. பலர் இதைப் பிளேடு அதிராமல் பிடிக்கிற சாமான் என்று நினைத்து எங்கோ தள்ளி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது பிளவைத் தடுக்கும் தகடு. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரு பேராசிரியர்கள் முனை வெட்டுவதைப் பக்கவாட்டிலிருந்து மிக நெருக்கமாகப் படமெடுத்தார்கள். மேல்தகடு இல்லாதபோது பிளவு முனையை முந்திக்கொண்டு ஓடுகிறது. மேல்தகட்டை முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்தால், மேலேறி வரும் சீவல் அதன் செங்குத்தான நெற்றியில் மோதிப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. நெம்ப இடமில்லாததால் பிளவு தொடங்குவதற்குள் முனை வெட்டிவிடுகிறது. பிளேடும் மேல்தகடும் சேர்ந்த இந்த இரட்டைத் தகடு 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. இதற்கு விலையும் உண்டு. தள்ளுவது கனக்கும். ரொம்ப நெருக்கினால் சீவல் கசங்கி வாயில் அடைத்துக்கொள்ளும்.

வாய் என்றது, இழைப்புளியின் அடியில் சீவல் ஏறும் இடுக்கு. அது குறுகலாக இருந்தால் அதன் முன்விளிம்பு மரத்தை அமுக்கிப் பிடித்துக் கொஞ்சம் உதவும். மேல்தகடு சரியாக இருந்தால் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

இனி தேக்குக்கு வருவோம். நகரத்தார் தொழில் நடத்திய பர்மாவில், தேக்கு மரத்தை உடனே வெட்ட மாட்டார்கள். அடியில் சுற்றிலும் பட்டையோடு வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, ஆறு வழியாக அனுப்ப முடியாது. இப்படிக் காய்ந்த மரம், தன் எண்ணெய்ப்பசையோடு, செட்டிநாட்டு வெயிலிலும் பெரிதாகச் சுருங்குவதில்லை. இழைக்கவும் இணக்கமானதுதான். ஆனால் பிளேடை அது படுத்துகிற பாடு வேறு. தேக்கின் செல்களில் சிலிக்கா படிந்திருக்கும், சில மரங்களில் எடையில் ஒரு சதவீதத்தையும் தாண்டும். மணலில் இருக்கும் அதே பொருள். கடினத்தில் தீட்டிய எஃகுக்குச் சமமாக, சில சமயம் மேலேயே நிற்கும். அதனால் முனை சீக்கிரம் உருண்டுவிடும். உருண்ட முனை நாரை வெட்டாமல் நசுக்கும், நெம்பல் முந்திக்கொள்ளும், மேல்தகடு எவ்வளவு சரியாக இருந்தாலும் முகம் மங்கலாகத்தான் வரும்.

எனவே சாணைக்கல். எஃகையும் சிலிக்காவையும்விடக் கடினமான சிலிக்கன் கார்பைடை அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் 1891-இல் மின் உலையில் தயாரித்தார். கார்பரண்டம் என்று வந்தது அதுதான். சென்னையில் 1954-இல் கார்பரண்டம் யுனிவர்சல் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர், காரைக்குடிக்குப் பக்கத்திலேயே. தீட்டும்போது சாய்வுப் பக்கத்தை 30 பாகை வாக்கில் கல்லில் பிடித்துத் தேய்க்க வேண்டும். எதிர்ப்புறம் முனை நெடுகிலும் விரலுக்குச் சன்னமான பிசிறு தட்டுப்பட்டால்தான் தேய்ப்பு முனை வரை போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை எடுக்கலாம். மோட்டார் சாணையில் வைக்கிறவர்கள் நிறத்தைக் கவனிக்கட்டும். முனை மெல்லியது, சூடு பரவ இடம் கிடையாது. கார்பன் எஃகு 230 பாகை செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும். 300-ஐ நெருங்கி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் மெத்தென்றாகிவிட்டது, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீரில் அடிக்கடி நனைப்பது அதற்காக.

மின் இழைப்பு மெஷின் வேறு சங்கதி. உருளையில் பொருத்திய பிளேடுகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழன்று மரத்தைக் கொத்திக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு கொத்தும் ஒரு சின்னப் பள்ளம், வரிசையாகச் சேர்ந்து அலையாகத் தெரியும். அதிக மரத்தை வேகமாகக் கழிக்க நல்லது. கடைசி முகத்துக்கு நான் கை இழைப்புளியைத்தான் எடுப்பேன்.

பழைய நிலைக்கட்டையை இழைக்குமுன் சுண்ணாம்பையும் மணலையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தீட்டிய பிளேடு முதல் தள்ளிலேயே மழுங்க அந்த மணல் போதும். இரும்பு ஆணிக்குக் காந்தம் ஓட்டிப் பார்க்கலாம். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கருப்புக் கறையும் இருக்கும். பழைய கதவுகளில் பித்தளை ஆணியும் குமிழும் உண்டு, அவை காந்தத்தில் சிக்காது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கட்டையின் முகத்தை ஓரமிருந்து பார்த்துத்தான் அவற்றைக் கண்டுபிடிக்க முடியும்.