பற்றரிக்கு ஊசி குத்தாதேங்கோ

போன திங்கட்கிழமை கடையைத் திறந்து சாமிப்படத்துக்கு விளக்குக்கூட வைக்கவில்லை. ஒரு ஐயா வந்து நின்றார். கையில் சொப்பிங் பை, பைக்குள் போன். போனின் முதுகு ஒரு பக்கம் பிளந்து, உள்ளே பற்றரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

"தம்பி, பற்றரி ஊதிப்போச்சு. நான் சொல்லுற மாதிரிச் செய்து தாங்கோ, காணும். ஊசியால சின்ன ஓட்டை ஒண்டு போட்டு காத்தைத் திறந்துவிடுங்கோ. பிறகு ஓட்டையை ஒட்டிப்போட்டு, அமத்தி மூடிவிட்டால் சரி."

"ஐயா, அதை மேசையில வையுங்கோ. மெதுவா."

"பேரன் நேற்று ஒருக்கா குத்திப் பாத்தவன். ஊசிதான் வளைஞ்சு போச்சு."

ஊசி வளைந்தது அந்தப் பேரன் செய்த புண்ணியம். இதே யோசனையோடு இந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். இரண்டாவது ஆள் மல்லாவிப் பக்கம் இருந்து வந்த ஒரு அக்கா. அவவின் மகனுக்கு ஊசி கிடைக்கவில்லை, கணிதப் பெட்டிக்குள் இருந்த கவராயம் கிடைத்தது. கவராயம் வளையாது. பாயில் சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டை, பெடியனின் உள்ளங்கையில் கொப்புளம். அக்கா வந்தது போனைத் திருத்துவதற்கு. உள்ளே திருத்த ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போனும் லப்டொப்பும் திருத்துகிறவன் நான். இந்தத் தொழிலில் பழுதான சாமானோடு யோசனையும் சேர்ந்தே வரும். "பெரிய பற்றரி ஒண்டு போட்டு விடுங்கோவன்", "லப்டொப்புக்கு அடியில நாலு ஓட்டை துளைச்சால் சூடு இறங்காதோ", "உந்தச் சின்ன ஃபானைக் கழட்டிப்போட்டு மேசை ஃபானின்ர மோட்டரைப் போடலாமோ". சிரித்துவிட்டு விட்டுவிடுகிற விடயம் இல்லை இது. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கைவேலைப் புத்தி சும்மா வரவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது வன்னிக்குள் வரக்கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோவில் செய்தி கேட்டார்கள். செத்துப்போன ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவு எரித்தார்கள். அதுவும் முடிந்தால் ஆணியால் ஓட்டை போட்டு, உப்புத் தண்ணி விட்டு, மெழுகால் அடைத்தார்கள். எங்கள் அப்பாவும் செய்தவர். வேலை செய்தது.

ஏன் வேலை செய்தது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு ஏன் கூடாது என்று விளங்கும். அந்த ரோச் பற்றரி ஒரு நாகக் (துத்தநாக) குவளை. நடுவில் கரிக்கோல், சுற்றிலும் மங்கனீசு ஈரொட்சைட்டுக் கலவை, இடையில் ஈரப்பசை. பசை காய்ந்தால் பற்றரி சோரும். உப்புத் தண்ணி விட்டால் அந்த ஈரம் கொஞ்சம் திரும்பி வரும். வெயிலின் சூடு உள்ளே நடக்கும் இரசாயனத் தாக்கத்தைக் கொஞ்சம் உசுப்பிவிடும். குத்தினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, கறுப்புத் தண்ணி கையில் பிரளும்.

போன் பற்றரி வேறு சாதி. அதற்குள் தண்ணியே இல்லை. செப்புத் தாளில் பூசிய கரி ஒரு பக்கம், அலுமினியத் தாளில் பூசிய உலோக ஒட்சைட்டு மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் தலைமயிரை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள். இந்த மூன்றையும் பாய் மாதிரிச் சுருட்டி, இலகுவில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தில் நனைத்துப் பைக்குள் அடைத்திருக்கிறார்கள். ஊசி உள்ளே போனால் முதலில் கிழிவது அந்த நடுத்தாள். இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். பற்றரியில் இருக்கிற மின் முழுவதும் அந்த ஊசிமுனை அளவு இடத்தால் பாயப் பார்க்கும். அந்த இடம் கொதிக்கும், பக்கத்துச் சுற்றும் கொதிக்கும், திரவம் ஆவியாகிப் பற்றும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ண நேரம் இராது.

இனி அந்தக் காற்றுக் கதை. இதைத்தான் நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் களைத்துப்போனேன். பற்றரிக்குள் இருப்பது சைக்கிள் ரியூப்பில் இருக்கும் காற்று மாதிரி வெளியில் இருந்து போனது இல்லை. வெளியில் இருந்து அதற்குள் ஒன்றும் போக வழியும் இல்லை. உள்ளே இருக்கும் திரவமே பழுதாகி, சிதைந்து, வாயுவாக மாறியிருக்கிறது. காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, ஐதரசன், எதிலீன் என்று கலந்திருக்கும். இதில் காபனீரொட்சைட்டைத் தவிர மற்றது எல்லாம் எரியும். பழப் பசை மாதிரி ஒரு இனிப்பு மணம் வந்தால் அது கசிகிற திரவத்தின் மணம், மணந்து பார்த்துக்கொண்டு நிற்காதேங்கோ. சரி, ஐயா சொன்ன மாதிரி வாயுவை வெளியில் விட்டோம் என்றே வைத்துக்கொள்ளுவோம். பழுதான திரவம் நல்லாகி விடுமா? வாயுவைத் தந்த பழுது உள்ளேயே இருக்கும். போதாததற்கு, ஓட்டையால் ஈரப்பதன் உள்ளே போகும். அந்தத் திரவத்தில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஐதரோபுளோரிக் அமிலம் வரும். அது கையையும் நுரையீரலையும் அரிக்கிற அமிலம். ஒட்டினாலும் ஒன்றுதான், ஒட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

வேறு ஒருவர் சொன்னார், தான் புத்தகத்துக்கு அடியில் இரவு முழுவதும் வைத்துத் தட்டையாக்கி எடுத்ததாம். தட்டையாகவில்லை, அண்ணை. பொருத்துவாய் எங்கேயோ விட்டிருக்கிறது.

அடுத்த யோசனை பெரிய பற்றரி. இதில் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் உலகத்தின் பெரிய கம்பனி ஒன்றே இடம் காணாமல் மாட்டுப்பட்டிருக்கிறது. 2016 ஓகஸ்டில் சம்சுங் கலக்சி நோட் 7 வந்தது. அடுத்த மாதமே தீப்பிடிப்பதாகச் சொல்லி 25 இலட்சம் போன்களைத் திருப்பிக் கேட்டார்கள், ஒக்டோபரில் அந்தப் போனையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். முதலாவது வகைப் பற்றரிக்கு உறைக்குள் ஒரு மூலையில் இடம் போதாமல் உள்ளிருந்த தகடு மடங்கியிருக்கிறது. மாற்றாகத் தந்த இரண்டாவது வகையில் வெல்டிங் பிசிறு நடுத்தாளைத் துளைத்திருக்கிறது. மில்லிமீற்றர் பார்த்துச் செய்கிற தொழிற்சாலைக்கே இந்தக் கதி. "கொஞ்சம் அமத்தினால் போகும் தம்பி" என்று இனி என்னிடம் கேட்காதேங்கோ. நல்ல பற்றரிக்கு உள்ளே கொஞ்சம் சும்மா இடம் விட்டிருப்பார்கள், பாவிக்கப் பாவிக்க அது சற்றுத் தடிக்கும் என்பதற்காக. அந்த இடத்தைப் பார்த்துத்தான் நீங்கள் "உள்ளுக்கு இடம் கிடக்கு" என்கிறீர்கள்.

யானைக் காவலுக்குப் போகிற ஆட்களுக்கும் ஒரு சொல். வயலில் இரவிரவாக அடிக்கிற ரோச் லைற்றுக்குள் போடும் உருளைப் பற்றரி 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவுக்குள் கொள்ளளவு 9900 mAh (மில்லி அம்பியர் மணி) என்று எழுதிய ஒன்றைக் கொண்டுவந்து "இது நல்ல பவர்" என்கிறார்கள். அந்த அளவில் நல்ல கம்பனிகள் செய்யும் சாமானே 3500 அளவில்தான் நிற்கும். 9900 என்று எழுதியிருந்தால் மற்றதையும் நம்பாதேங்கோ. யானை முன்னால் நிற்கும்போது லைற் அணைந்தால் என்னைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

பெரிய வாற் சார்ஜர் சின்னப் போனை வெடிக்க வைக்குமோ என்று கேட்பவர்களுக்கு: நல்ல சார்ஜர் என்றால் வைக்காது. போன் கேட்கிற அளவைத்தான் அது கொடுக்கும். உழவு இயந்திரத்தின் 12 வோல்ற் பற்றரியில் இருந்து இரண்டு வயர் இழுத்து நேரே போன் பற்றரியில் பிடிப்பது அப்படி இல்லை. அங்கே கேட்கவும் ஆள் இல்லை, நிறுத்தவும் ஆள் இல்லை. போன் பற்றரி நிறைகிற இடம் 4.2 வோல்ற், புதியவற்றில் அதைவிடக் கொஞ்சம் மேலே. லப்டொப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் கிர்ரென்று இருக்கிறது, பற்றரியை மாற்றித் தாங்கோ என்கிறவர்களுக்கு: பற்றரி பாவம். உங்கள் வீட்டுப் பிளக்கில் ஏர்த் இருக்கிறதா என்று முதலில் வயர்மனைக் கேளுங்கோ.

திட்டினது காணும். நல்ல யோசனைகளும் வந்திருக்கின்றன, அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை. முல்லைத்தீவுக் கடலுக்குப் போகிற ஒரு அண்ணை கேட்டார்: "தண்ணி புகாது எண்டு விக்கிறாங்கள். உப்புத் தண்ணியில ஏன் சோதிச்சுப் பாக்கிறாங்கள் இல்லை?" சரியான கேள்வி. ஐ.பி.67 என்ற தண்ணி புகாத் தரத்தின் அர்த்தம் ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் அரை மணித்தியாலம். கடலும் நந்திக்கடலும் அந்தக் கணக்கில் இல்லை. உப்புப் பட்ட சார்ஜிங் பின் இரண்டு கிழமையில் பச்சை பிடித்து என்னிடம் வரும். (கடலில் விழுந்த போனை நிறுத்திவிட்டு நல்ல தண்ணியில் அலசி உடனே கொண்டுவாங்கோ. அரிசிப் பானைக்குள் போடாதேங்கோ. அரிசி உப்பை இழுக்காது, தவிடுதான் பின்னுக்குள் போய் இருக்கும்.) விசுவமடுவில் வயல் செய்கிற ஒரு ஐயா, நெல்லுச் சூடு மிதிக்கிற காலத்தில் ஸ்பீக்கர் வலைக்குள் புழுதி போகிறது, அந்த வலையைக் கழற்றிக் கழுவும்படி செய்தால் என்ன என்றார். கொம்பனிக்காரன் ஒருவனும் இங்கே வந்து செம்மண் புழுதிக்குள் நின்று பார்க்கவில்லை, ஐயா பார்த்திருக்கிறார்.

எல்லோரும் சொல்கிற ஒன்று, முந்தி மாதிரிக் கையால் கழற்றுகிற பற்றரி. அதில் நான் உங்கள் பக்கம். நொக்கியா காலத்துப் பி.எல்-5சி பற்றரியை நகத்தால் கிளப்பி மாற்றினோம். அந்தப் பற்றரியிலும் பிழை வந்ததுதான். 2007இல் 4 கோடியே 60 இலட்சம் பற்றரிகள் சூடேறக்கூடும் என்று நொக்கியாவே அறிவித்தது. ஆனால் மாற்றுவது பாவிக்கிற ஆளின் கையில் இருந்தது, மூடியைக் கழற்றினால் வேலை முடிந்தது. இப்போதைய போனை நான் திறப்பதற்கே பசையைச் சூடாக்க வேண்டும், வீங்கிய பற்றரிக்குப் பக்கத்தில் சூடு காட்டும்போது என் வயிறு கலங்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, 2027 பெப்ரவரி 18 முதல் சின்னச் சாதனங்களின் பற்றரியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று. சில விலக்குகளும் வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் என் மேசையில் சொன்னதைத்தான் அவர்கள் கடதாசியில் எழுதியிருக்கிறார்கள். யோசனை சொல்லுங்கோ, எழுதி அனுப்புங்கோ, என்னோடு வாதாடுங்கோ. ஊசியும் கவராயமும் கையில் எடுக்காதேங்கோ.

இப்போது செய்யவேண்டியது. போன் மேசையில் தட்டையாக நிற்காமல் ஆடினாலோ, டிஸ்பிளே ஒரு பக்கம் எழும்பினாலோ, லப்டொப்பின் மவுஸ் தட்டு இறுகினாலோ பற்றரி வீங்குகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கோ. சார்ஜில் போடவேண்டாம், "ஒருக்கா மட்டும், படங்களை எடுக்க" என்றும் வேண்டாம். படங்களை நான் எடுத்துத் தருவேன். அமத்தக்கூடாது, வளைக்கக்கூடாது, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. தகரப் பேணி ஒன்றில் காய்ந்த மணல் போட்டு, அதற்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கோ. வரும்போது பஸ்ஸில் மடிக்குள் வைத்துக்கொண்டு வராதேங்கோ, கோல் எடுத்துக் கேட்டுவிட்டு வாங்கோ. புகை வந்தால் கையால் தொடவேண்டாம், ஏலுமென்றால் மண்வெட்டியால் வெளியே தள்ளிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வருகிற பக்கம் போங்கோ. சார்ஜரில் மாட்டியிருந்தால் முதலில் மெயின் சுவிச்சை அணையுங்கோ, பிறகுதான் தண்ணி.

தகரக் கூரைக்குக் கீழே, தலையணைக்குள், விடிய விடியச் சார்ஜ் போடுகிற பழக்கத்தை விடுங்கோ. பற்றரியை வீங்க வைக்கிற முதல் ஆள் சூடு. பங்குனி, சித்திரை வெயிலில் உழவு இயந்திரத்தின் இருக்கைக்கு முன்னால் போனை வைத்துவிட்டு வரம்பில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் அழுகை வரும்.

பழைய பற்றரியை முற்றத்துக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு மண்டையோட்டுக் கண்ணிவெடிப் பலகை என்றால் என்னவென்று நாலு வயதிலேயே தெரியும், காணிக்குள் தெரியாத இரும்பு கிடந்தால் தொடாமல் வந்து சொல்லுவார்கள். அந்தப் பிள்ளையின் கையிலேயே வீங்கின பற்றரியைக் கொடுத்து "கொண்டுபோய் எறி" என்கிறோமே, இது என்ன நியாயம்?

திங்கட்கிழமை ஐயா கடைசியில் பற்றரியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். சிம்மைக் கழற்றிக் கொடுத்தேன், புதுப் பற்றரிக்கு வியாழக்கிழமை வரச்சொன்னேன். வளைந்த ஊசியையும் சட்டைப்பையில் இருந்து எடுத்துக் காட்டினார். அதையும் வாங்கி மணல் பேணிக்குள் போட்டுவிட்டேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறேன், அவனோடுதான் எனக்குக் கதை இருக்கிறது.