இல்லஸ்ட்ரேட்டர், அனிமேட்டர்: தமிழில் என்ன சொல்வது?

சிறுவர் நூல் ஒன்றைப் பிரித்தால் தொடக்கப் பக்கத்தில் "கதை: இன்னார், ஓவியம்: இன்னார்" என்று இருக்கும். அந்த ஓவியரிடம் போய் என்ன தொழில் என்று கேட்டுப் பாருங்கள். "இல்லஸ்ட்ரேட்டர், அனிமேஷனும் பண்றேன்" என்பார். ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரே இருப்பவர் சுவரில் மாட்டும் படத்தைத்தான் நினைக்கிறார். "எங்க வீட்டு ஹாலுக்கு ஒரு ராதா கிருஷ்ணர் போட்டுத் தருவீங்களா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் ஆங்கிலச் சொல்லிலேயே தங்கிவிடுகிறார்கள். சரி, அந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன, தமிழில் அவற்றுக்கு ஈடு உண்டா என்று பார்ப்போம்.

முதலில் இல்லஸ்ட்ரேஷன். லத்தீனில் 'இல்லுஸ்த்ராரே' என்றால் ஒளிபெறச் செய்தல். ஒளியைக் குறிக்கும் 'லுக்ஸ்' என்ற லத்தீன் சொல்லும் இதே குடும்பம். வடமொழியில் ஒளிர்தலைக் குறிக்கும் 'ருச்' என்ற வேரும் தூரத்து உறவுதான். அதிலிருந்து வந்த 'ருசி' முதலில் ஒளியையும் அழகையும் குறித்து, பிறகு விருப்பத்துக்கும் நாக்குக்கும் இறங்கியது. ஆக, நாம் ரசத்துக்குச் சொல்லும் ருசியும் இல்லஸ்ட்ரேஷனும் ஒரே கொடிவழி.

ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்தச் சொல்லுக்குப் படம் என்ற பொருள் இல்லை. முதலில் மனத்துக்குள் ஒளி ஏற்றுவது. அடுத்து, ஒரு கருத்தை எடுத்துக்காட்டு சொல்லித் தெளிவாக்குவது. புத்தகத்தில் அச்சாகும் படம் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஊன்றியது. அதுவரை புத்தகத்தில் படமே இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. அச்சுக்கூடத்துக்காரர்கள் அதைக் 'கட்' என்றும் 'பிளேட்' என்றும் செய்முறையை வைத்தே அழைத்தார்கள். நம் ஊர் பழைய அச்சகங்களில் படத்துக்கு 'பிளாக்' எடுப்பது என்று சொன்னதும் இதே வழக்கம்தான்.

இங்கே தமிழுக்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. 'விளங்கு' என்றால் ஒளிர்தல், புரிதல் இரண்டும். 'விளக்கு' என்றால் திரி போட்டு ஏற்றுவதும் உண்டு, எடுத்துச் சொல்வதும் உண்டு. லத்தீனில் ஒளி எப்படி அறிவாயிற்றோ அதே வழியில் தமிழும் தானாகவே நடந்திருக்கிறது. எனவே 'விளக்கப்படம்' என்ற சொல், வேர்ப்பொருளில் பார்த்தால் அச்சு அசலான ஈடு. அகராதிக்காரர் யாரும் இதைவிடத் துல்லியமாகச் செய்ய முடியாது.

சில நூல்களுக்கு அது அப்படியே பொருந்தவும் செய்யும். செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியுஸ் 1658-இல் நூரெம்பெர்க்கில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டுஸ்', சிறுவர்க்கான படநூல்களின் முன்னோடி என்று போற்றப்படுகிறது. அதில் படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் போட்டு, கீழே வரும் சொல்லுக்கும் அதே எண்ணைப் போட்டிருப்பார். பிள்ளை எண்ணைப் பார்த்துப் பொருளையும், பொருளைப் பார்த்துச் சொல்லையும் பிடித்துக்கொள்ளும். இது விளக்கப்படம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இன்றைக்கு விளக்கப்படம் என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு என்ன தோன்றும்? அறிவியல் பாடத்தில் இதயத்தின் குறுக்குவெட்டு. அம்புக்குறி போட்டு 'வலது ஆரிக்கிள்'. வேர் பொருந்துகிறது, வழக்கு பொருந்தவில்லை. அதற்கும் மேலே ஒரு குறை: விளக்குவது என்றால் ஏற்கெனவே சொன்னதைத் தெளிவாக்குவது. கதைக்குப் படம் போடுபவர் செய்வது அது மட்டுமா?

ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற ஆங்கில ஓவியர் 1882-இல் ஒரு பழைய குழந்தைப் பாட்டுக்குப் படம் போட்டார். பாட்டின் கடைசி வரி, தட்டு கரண்டியோடு ஓடிப்போய்விட்டது என்று முடிகிறது. அதற்கான படத்தில் இருவரும் ஜோடியாகப் போகிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் ஒரு வார்த்தையும் இல்லாமல் இன்னொரு படம்: தட்டு சுக்குநூறாகக் கிடக்கிறது, கரண்டியை அதன் அப்பா அம்மாவான கத்தியும் முள்கரண்டியும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் போகிறார்கள். பாட்டில் இல்லாத கதை. எழுதியவர் வாயை மூடிய பிறகு வரைந்தவர் சொன்னது. அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த படப்புத்தக ஓவியருக்குக் கொடுக்கப்படும் பதக்கம் இவர் பெயரில் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. 'படம் போட்ட புத்தகம்' வேறு, 'படப்புத்தகம்' வேறு. முன்னதில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். பின்னதில் படம் போனால் புத்தகமே போய்விடும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. படப்புத்தகத்தில் சுவரும் சித்திரமே.

ஓவியம் என்ற சொல்லுக்கு வருவோம். சங்கப் பாட்டில் இது 'ஓவம்'. புறநானூற்று 251-ஆம் பாட்டு 'ஓவத்து அன்ன' என்று, ஓவியம் போன்ற வீட்டைச் சொல்லித் தொடங்குகிறது. நற்றிணை 118 ஓவியர்களை 'ஓவ மாக்கள்' என்கிறது. அரக்கு நிறத்தில் தோய்த்த அவர்களுடைய துகிலிகை போலப் பாதிரிப் பூ இருந்தது என்று உவமை. தூரிகைக்குச் சங்க காலத்துப் பெயர் துகிலிகை. அப்புறம் 'எழுது' என்ற வினை. அன்று அது எழுத்துக்கும் படத்துக்கும் பொது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று பரிபாடலின் 19-ஆம் பாட்டு. திருப்பரங்குன்றத்தில் 'எழுத்துநிலை மண்டபம்' ஒன்று இருக்கிறது, சுவரெல்லாம் படம். பார்க்க வந்தவர்கள் இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். இவள் ரதி, இவன் காமன் என்று ஒருவர் சொல்கிறார். பூனையாக ஓடும் இந்திரன், அகலிகை, கவுதமன், அவன் சினந்ததால் அவள் கல்லானது என்று இன்னொருவர் கதை சொல்கிறார். 'துன்னுநர் சுட்டவும் சுட்டு அறிவுறுத்தவும்' என்று அந்தக் காட்சியைப் பாட்டு முடிக்கிறது. கிட்ட வந்தவர் விரலால் காட்டுகிறார், தெரிந்தவர் சொல்லித் தருகிறார். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படப்புத்தகம் படிக்கும் எந்த வீட்டிலும் இன்று நடப்பது இதுதான். ஆகவே கதை சொல்லும் ஓவியம் நமக்குப் புதிதில்லை. அதற்கென்று தனிப்பெயர் வைக்கத்தான் இல்லை.

வைத்திருக்க வேண்டிய ஒரு நல்ல தருணமும் வந்தது. அம்புலிமாமாவில் 1952-இல் சேர்ந்த சங்கர், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனை வரைந்தார். அந்த இதழைப் படித்து வளர்ந்தவரிடம் வேதாளம் கேட்ட கேள்வி எதையாவது சொல்லச் சொன்னால் தடுமாறுவார். அந்தப் படத்தைக் கேட்டால் வேதாளத்தின் தலைமுடி தொங்கும் விதம்வரை சொல்வார். சிவசங்கரன் என்ற பெயரோடு பிறந்து, 2020-இல் மறைந்து, மறு ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற அவரை அப்போதும் பத்திரிகைகள் 'ஓவியர்' என்றுதான் எழுதின. தவறில்லை. ஆனாலும் அவர் செய்த வேலையில் பாதியைத்தான் அந்தச் சொல் தொடுகிறது.

இந்த இடத்துக்கு என் பரிந்துரை 'கதையோவியம்'. ஆள் 'கதையோவியர்'. அறிவியல் நூலுக்கும் கட்டுரைக்கும் வரைபவரையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல 'நூலோவியர்' போதும். விளக்கப்படம் பாடப்புத்தகத்திலேயே இருக்கட்டும். 'சித்திரக்கதை', 'படக்கதை' இரண்டும் காமிக்ஸுக்கு உரியவை ஆகிவிட்டன, அவற்றை இழுக்க வேண்டாம். 'வரைபடம்' என்றால் நிலப்படம், கணக்குப் பாடத்து கிராஃப் என்று போய்விடும்.

இனி அனிமேஷன். லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். 'அனிமாரே' என்றால் உயிர் கொடுத்தல். விலங்கைக் குறிக்கும் அனிமல் அதன் பிள்ளை. மூச்சுவிடுவதைக் குறிக்கும் அதே பழைய வேர் வடமொழியில் 'அன்' என்று வரும். காற்றுக்கு நம் நிகண்டுகள் தரும் 'அனிலம்', பேச்சில் வரும் 'பிராணன்' இரண்டும் அதன் வழியே வந்தவை. ஆங்கிலத்தில் வெகுகாலம் இச்சொல் துடிப்பை, முகக்களையைக் குறித்தது. படம் வரைந்து ஓட்டும் கலைக்கு இது பெயரானது 1910-களில்தான்.

அந்தக் காலத்தின் நாயகர் வின்ஸர் மெக்கே. நியூயார்க் நாளிதழ்களில் படக்கதை வரைந்தவர். 1914-இல் கெர்ட்டி என்ற டைனோசரைத் திரைக்குக் கொண்டுவந்தார். திரைக்குப் பக்கத்தில் அவரே சாட்டையோடு மேடையில் நின்று கட்டளை போடுவார், கெர்ட்டி காலைத் தூக்கும். அதட்டினால் அழும். ஆயிரக்கணக்கான தாள்களில் டைனோசரை மட்டுமில்லாமல் பின்னாலிருக்கும் பாறையையும் ஏரியையும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரைய வேண்டியிருந்தது. கண்ணாடி போன்ற தாளில் உருவத்தை மட்டும் வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறைக்கு எர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டது அதே ஆண்டில்தான்.

தமிழில் அனிமேஷனுக்கு 'இயங்குபடம்', 'அசைபடம்', 'அசைவூட்டம்', 'உயிரூட்டல்' எல்லாம் புழங்குகின்றன. இயங்குபடம் எனக்கு ஒத்துவரவில்லை. இயங்கும் படம் என்றால் சினிமா முழுவதும் அதுதானே. அசைபடத்துக்கும் அதே சிக்கல். உயிரூட்டல் வேர்ப்பொருளில் மறுபடியும் அச்சு அசல். ஆனால் முதலுதவி வகுப்பை நினைவுபடுத்துகிறது. மேலும் நல்ல நடிகர் பாத்திரத்துக்கு உயிரூட்டினார் என்று நாளும் எழுதுகிறோம், இரண்டும் குழம்பும்.

எஞ்சுவது அசைவூட்டம். அசையாததற்கு அசைவை ஊட்டுவது என்ற செய்முறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதன் மீது சொல்லப்படும் குறை ஒன்று: அசைவு மட்டுமா கலை? கெர்ட்டி அழுததைப் பார்த்துத்தான் ஜனம் வியந்தது. வெறுமனே நகர்ந்ததற்காக அல்ல. நியாயமான குறைதான். அதனால் செய்முறைக்கு அசைவூட்டம் என்றும், அதில் கைகூடும் தன்மைக்கு உயிர்ப்பு என்றும் பிரித்துக்கொள்கிறேன். 'அசைவூட்டம் சுத்தம், உயிர்ப்பு இல்லை' என்று ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் தமிழில் புரிகிறது. எழுதும்போது இந்தப் பிரிவு பயன்படுகிறது.

ஒரே படைப்பு கதையோவியத்திலிருந்து அசைவூட்டத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் இரண்டு சொற்களும் ஏன் தனித்தனியே வேண்டும் என்பது தெரியும். ரேமண்ட் பிரிக்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1978-இல் 'தி ஸ்னோமேன்' என்ற படப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரு சொல்கூடக் கிடையாது. கலர் பென்சிலில் மெத்தென்று தீட்டிய சிறிய கட்டங்கள். ஒரு பையன் செய்த பனிமனிதன் இரவில் எழுந்து வருகிறான், காலையில் உருகிப்போகிறான். 1982-இல் அதையே 26 நிமிடப் படமாக எடுத்துச் சேனல் 4-இல் ஒளிபரப்பினார்கள்.

புத்தகத்தில் பிரிக்ஸ் பென்சிலால் தேய்த்த தேய்ப்பு ஒரு முறை அச்சானால் நின்றுவிடும். திரையில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று சிக்கனமாகப் பார்த்தாலும் நொடிக்கு 12. 26 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 18,000-ஐத் தாண்டும். அத்தனையிலும் பென்சில் தேய்ப்பு ஒரே மாதிரி விழாது. வழக்கமான கார்ட்டூன்போல் கோடும் தட்டை வண்ணமுமாகச் செய்தால் சுலபம், ஆனால் பிரிக்ஸின் பனி போய்விடும். அவர்கள் சுலபத்தை விட்டுவிட்டுப் படத்துக்குப் படம் கையால் தேய்த்தே செய்தார்கள். அதனால் திரையில் வண்ணம் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம்தான் படத்தின் அழகு. கதையும் நீண்டது: புத்தகத்தில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா படத்தில் வந்து சேர்ந்தார்.

படப்புத்தகக்காரருக்கு வேறு கட்டுப்பாடு. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம். அச்சுத் தாளை மடித்தால் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் போக மீதியில் கதை முடிய வேண்டும். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வைப்பது, நடு மடிப்பில் யார் முகமும் சிக்காமல் எப்படி நிறுத்துவது என்பதே அவர் கவலை. கால்டெகாட்டின் உடைந்த தட்டு பக்கத்தைத் திருப்பிய பிறகு வந்ததால்தான் சிரிப்பு வருகிறது. அசைவூட்டுநருக்கோ நேரம்தான் எல்லாம். பார்ப்பவர் கையில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஆள் இரண்டும் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் கை ஒன்று, தொழில் இரண்டு.

துணைச் சொற்கள் சில. காட்சிகளை வரிசையாக வரைந்து ஒட்டிப் பார்க்கும் ஸ்டோரிபோர்டுக்குக் 'கதைப்பலகை' பழகிவருகிறது, நன்றாகவே இருக்கிறது. கார்ட்டூனை மாற்ற வேண்டியதில்லை. இத்தாலியில் தடித்த தாளுக்கு இட்ட பெயர், ஊர் ஊராகப் போய் இங்கும் வந்து தமிழாகிவிட்டது. பத்திரிகைக் கேலிக்குக் 'கருத்துப்படம்' தனியே இருக்கிறது.

இதில் விட்டுப்போகக் கூடாதது, வீட்டில் நாம் உண்மையிலேயே சொல்லும் சொல்: பொம்மைப்படம். "பாப்பா பொம்மைப்படம் பாக்குது" என்பதை எந்தக் கலைச்சொல் குழுவும் பட்டியலில் சேர்க்காது. எல்லா அனிமேஷனுக்கும் அது சரிவராது என்பதும் உண்மை. வரைந்த படத்தில் பொம்மை ஏது? ஆனால் களிமண்ணிலும் துணியிலும் பொம்மை செய்து, அதைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடித்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷன் என்ற வகை இருக்கிறது. அதற்கு இன்னும் சரியான தமிழ்ப்பெயர் நிலைக்கவில்லை. பொம்மலாட்டமும் தோல்பாவைக் கூத்தும் பார்த்த ஊரில் அதற்குப் பொம்மைப்படம் என்றே பெயர் வைத்துவிடலாம்.