நடுக்கத்தை யார் தாங்குவது?

வேனுக்கு கிளட்ச் மாற்றக் கொடுத்தால், கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான் மெக்கானிக் அந்தக் கேள்வியோடு வருவார். "ஃப்ளைவீலும் போயிருக்கு. பழையபடி டூயல் மாஸே போடட்டுமா, இல்ல சாலிட் ஃப்ளைவீலுக்கு மாத்திடலாமா?" ஃப்ளைவீல் என்பது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே பூட்டிய கனமான சக்கரம். சாலிட் விலை குறைவு, ஒரே இரும்புத் துண்டு, உள்ளே கெட்டுப்போக ஒன்றுமில்லை. உடனே தலையாட்டத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்கும். நான்கும் சேர்ந்தால் சுற்றுக்கு இரண்டு உதை. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 27 உதைகள். ஒவ்வொரு உதைக்கும் கிராங்க் பாய்கிறது. அடுத்த சிலிண்டர் காற்றை அழுத்தும்போது தயங்குகிறது. குயவர் ஒருமுறை சுழற்றிவிட்ட சக்கரம் தன் கனத்தால் ஓடிக்கொண்டே இருப்பதுபோல, ஃப்ளைவீலும் பாய்ச்சலின்போது ஆற்றலை வாங்கி வைத்து, தயக்கத்தின்போது திருப்பிக் கொடுக்கிறது. ஆனாலும் நடுக்கம் முழுதாக அடங்காது. மிச்சம் கியர்பாக்ஸுக்குத்தான் போகும்.

அங்கே என்ன ஆகும்? கியர் பற்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. அப்போதைக்கு வேலையில்லாத கியர்கள் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நடுக்கம் வந்தால் அவற்றின் பற்கள் முன்னும் பின்னும் தட்டிக்கொள்ளும். நியூட்ரலில் 'கலகல' என்று கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அந்தச் சத்தம் நின்றால் பெரும்பாலும் இதுதான்.

சாலிட் ஃப்ளைவீல் இருக்கும் வண்டியில் இந்த நடுக்கத்தைக் குறைப்பது கிளட்ச் பிளேட்டின் நடுவில் வட்டமாகத் தெரியும் குட்டி ஸ்பிரிங்குகள். இடம் குறைவு, அதனால் அவை விறைப்பாக இருக்கும், கொஞ்சம்தான் முறுக்கிக்கொடுக்கும். இதில்தான் சிக்கல். ஊஞ்சலுக்குச் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலும் பெரிய ஆட்டமாகும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடைப்பட்ட பாகங்களுக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் என்றால் அது நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே வந்து விழுகிறது.

டூயல் மாஸ், ஃப்ளைவீலையே இரண்டாக வெட்டிவிடுகிறது. ஒரு பாதி கிராங்க்கோடு, மறு பாதி கிளட்ச்சோடு. நடுவே கிரீஸில் ஊறிய நீளமான வளைந்த ஸ்பிரிங்குகள். இவை மெத்தென்று இருக்கும், நிறையவே முறுக்கிக்கொடுக்கும். கூடவே கனத்தில் ஒரு பங்கு கியர்பாக்ஸ் பக்கம் போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்து தாளத்தை ஐடில் வேகத்துக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. 1985-இல் பி.எம்.டபிள்யூ கார்களில் வந்த இந்த ஏற்பாடு, டீசல் வேன்களில் பரவியதற்குக் காரணமே இதுதான். அப்புறம் ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டுமே எஞ்சின் அந்தத் தாளத்தைக் கடக்கும். தேய்ந்த டூயல் மாஸ் முதலில் அந்த நேரத்தில் 'கடகட' என்று காட்டிக்கொடுப்பதும் அதனால்தான்.

டூயல் மாஸுக்கு எதிரி இரண்டு. பாரம் ஏற்றிக்கொண்டு மேல் கியரில் குறைந்த வேகத்தில் இழுப்பது ஒன்று: உதைகளுக்கு இடையே நேரம் கூடுவதால் ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு முறையும் ஆழமாக அமுங்கும். கிளட்ச்சை வழுக்கவிட்டு ஓட்டுவது இன்னொன்று. அந்தச் சூடு உள்ளே இருக்கும் கிரீஸைக் கெடுத்துவிடும்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கை வைத்துப் பார்த்துவிடலாம். கிளட்ச் பக்கத் தட்டைப் பிடித்துத் திருப்புங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் திரும்பத் தள்ளினால் நல்லது. எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று திரும்பினாலோ, ஓரத்தைப் பிடித்து ஆட்டும்போது அளவுக்கு மீறி அசைந்தாலோ, கிரீஸ் வெளியே தெறித்திருந்தாலோ ஆயுள் முடிந்தது. எவ்வளவு திரும்பலாம், எவ்வளவு அசையலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தயாரிப்பாளர் தரும் அளவைத்தான் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட் உரசும் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தால், சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, எதைப் போடுவது? தினமும் பாரத்தோடு நகருக்குள் ஊர்ந்து ஓடும் வேனுக்கு டூயல் மாஸே போடுவேன். சாலிட் போட்டால் நடுக்கம் ஒழிந்துவிடாது, கியர்பாக்ஸுக்கு இடம் மாறும். கியர்பாக்ஸ் ஃப்ளைவீலைவிடச் செலவு வைக்கும். இன்னும் கொஞ்ச காலமே ஓடப்போகிற பழைய வண்டி, சத்தம் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் சாலிட் தவறில்லை. முகம் தேய்ந்தால் லேத்தில் சீராக்கியும் ஓட்டலாம். ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்த முழு கிட்டாகத்தான் வாங்க வேண்டும். டூயல் மாஸுக்கான பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங்கே இருக்காது. அதை சாலிட்டோடு ஜோடி சேர்த்தால் நடுக்கத்தைத் தடுக்க நடுவில் யாருமே இல்லை.

எதைப் போட்டாலும் ஃப்ளைவீல் போல்ட்டுகளும், மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் புதிதாக இருக்கட்டும். ஃப்ளைவீல் கழன்றிருக்கும்போதே கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால், அதையும் மாற்றாமல் கியர்பாக்ஸை ஏற்ற விடாதீர்கள்.