ரப்பர் கத்தியில் டார்ச் கட்டினால் காப்புரிமை கிடைக்குமா?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை பக்கம் விடியுமுன்பே ரப்பர் பால்வெட்டு தொடங்கிவிடும். வெட்டு இடமேலிருந்து வலக்கீழாக இறங்கும். ஒட்டு மரத்துக்கு 30 பாகை சாய்வு. பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருங்கியிருக்கின்றன. அதனால் மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழம் கூடிக் கேம்பியத்தில் (பட்டைக்கும் மரத்துக்கும் இடையே இருக்கும் வளரும் அடுக்கு) பட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அந்தப் பக்கம் சரியாக வெட்ட முடியாது. கேம்பியத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. முன்பே கத்தி நிற்க வேண்டும். அந்த 1 மில்லிமீட்டருக்காகவே கத்தியைத் திருத்தப் பலரும் முயல்கிறார்கள்.

புதிதாக இருப்பது மட்டும் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) போதாது. துறையில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது என்கிறது 1970 காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ja) பிரிவு. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்பு பற்றிய வழக்கில், வெறும் பட்டறைத் திருத்தத்தைவிட மேலானது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது.

கைப்பிடியில் டார்ச் பொருத்திய கத்தி இதில் தேறாது. கத்தி வெட்டுகிறது, டார்ச் ஒளி தருகிறது. ஒன்றால் மற்றதன் வேலை மாறவில்லை. தெரிந்த கருவிகளை இப்படிச் சேர்த்து வைப்பதைப் பிரிவு 3(f) ஒதுக்கிவிடுகிறது.

ஆழத் தடுப்பு, அதாவது குறித்த ஆழத்துக்கு மேல் இறங்காமல் நிறுத்தும் அமைப்பு வைத்த கத்தியில்தான் உண்மையான சண்டை. மரத்தில் காடி (நீள் பள்ளம்) வெட்டும் இழைப்புளியில் ஆழத்தை நிறுத்தும் கட்டை தச்சருக்குப் பழகியது. 'தேர்ந்தவர்' யார் என்பதே முதல் கேள்வி. பால் வெட்டுபவர் மட்டும் என்றால் இழைப்புளி அவருக்குத் தொலைவு. கருவி செய்பவர் என்றால் அது கைக்கெட்டும் தூரம். எதிர்தரப்பு எப்போதும் இரண்டாமவரையே நிறுத்தும். அது பெரும்பாலும் நியாயமும்கூட.

ஆனால் பட்டையின் கனம் மரத்துக்கு மரம், உயரத்துக்கு உயரம் மாறும். வெளிப்பட்டையில் ஊன்றும் தடுப்பு ஒரு மரத்தில் சரியாக நின்று, அடுத்த மரத்தில் கேம்பியத்தைக் கிழிக்கும். ஒருவர் தடுப்பை முந்தைய வெட்டின் உள்விளிம்பில் ஊன்றச் செய்தார், காயம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இழைப்புளி இந்த வழியைக் காட்டவில்லை. விடையைப் பார்த்த பிறகு "இது யாருக்கும் தோன்றுமே" என்பது பின்புத்தி. விண்ணப்பத் தேதிக்கு முன் இருந்த அறிவை மட்டும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

வாதத்தைவிட அளவீடு கைகொடுக்கும். ஒரே தொழிலாளி, ஒரே ரப்பர் ரகம் (RRII 105 என்று வைத்துக்கொள்வோம்), ஒரே நாட்கள். பழைய கத்தி, புதிய கத்தி இரண்டிலும் வெட்டுக்கு எத்தனை காயம், மிஞ்சிய பட்டை எவ்வளவு என்று குறித்துவையுங்கள். எதிர்ப்பவர் தேடுவது பழைய காப்புரிமை, விலைப்பட்டியல், தேதி தெரியும் காணொளி, மார்த்தாண்டம் சந்தையில் முன்பே விற்ற கத்தி. காப்புரிமை தரும் முன் யாரும் எதிர்க்கலாம். தந்த செய்தி வெளியானபின் ஓராண்டுக்குள் அக்கறையுள்ளவர் எதிர்க்கலாம். கேரளத்துக்காரர், தமிழ்நாட்டுக்காரர் இருவருக்கும் அலுவலகம் சென்னைதான்.

நல்ல கருவிகள் பலவும் தோற்பது உரிமைக்கோரிக்கையின், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதியின் வாசகத்தால். 'ஆழத் தடுப்புடன் கூடிய கத்தி' என்று எழுதினால் இழைப்புளி அதை வீழ்த்தும். தடுப்பு எங்கே ஊன்றுகிறது, முனையிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பவை முதல் கோரிக்கையிலேயே வர வேண்டும். கத்தியை வெளியே காட்டும் முன் தற்காலிக விவரணத்தை (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல் ஆவணம்) காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். முழு விவரணத்துக்கு 12 மாதம் உண்டு.