மேஜிக் வித்தைக்கு 5 நட்சத்திரம்: அளந்தது யார், எதை?

ஆன்லைனில் ஒரு மேஜிக் வித்தையை வாங்கப் போகிறீர்கள். ஒரு நிமிட வீடியோ ஓடுகிறது. பார்வையாளர் மனதுக்குள் ஒரு சீட்டை நினைக்கிறார், வித்தைக்காரர் உறையைப் பிரிக்கிறார், உள்ளே அதே சீட்டு. கீழே ரிவியூக்கள். "அசத்தல்! பார்த்தவர்கள் அலறிவிட்டார்கள்" என்று ஒருவர் 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். "இவ்வளவுதானா? காசு தண்டம்" என்று அடுத்தவர் 1 நட்சத்திரம். இரண்டு பேர் வாங்கியதும் ஒரே பொருள். இருவருமே உண்மையைத்தான் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் அந்த வித்தை நல்லதா, மோசமா என்று உங்களால் சொல்ல முடியாது.

குடை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒழுகினால் "ஒழுகுகிறது" என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். மேஜிக்கில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் ஒரு ரகசியத்துக்கு. சீட்டுக்கட்டும் நூலும் காந்தமும் அதைச் சுற்றிய உறை மாதிரி. ரகசியம் தரமானதா, மட்டமா என்று விளக்க வேண்டுமானால் அதை வெளியே சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் ஏற்கெனவே வாங்கிய எல்லாருடைய பொருளும் பாழ். வித்தைக்காரர்கள் நடுவில் அது பெரிய குற்றமும்கூட. அதனால் நேர்மையாக எழுதுபவரும் மையத்தைத் தொடாமல் அதைச் சுற்றியேதான் எழுத முடியும்.

பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ இந்த முடிச்சை 1962-லேயே விளக்கிவிட்டார். ஒரு தகவலுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று தெரிய, அந்தத் தகவல் என்னவென்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டாலோ, காசு கொடுக்காமலே அது கைக்கு வந்துவிட்டது. பிரித்த மேஜிக் பொருளைப் பல விற்பனையாளர்கள் திரும்ப வாங்காததற்கு இதுதான் காரணம்: பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், தெரிந்துகொண்டதை அனுப்ப முடியாது. முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது, பிறகு திருப்பவும் முடியாது. மிச்சமிருப்பது ரிவியூ மட்டும். அதனால்தான் அது எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் "இவ்வளவுதானா" என்பவரைக் கவனிப்போம். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாட்டுகள் தட்டப்பட்டன, சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுபவரின் காதுக்குள் மெட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு அது வெறும் டொக் டொக். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் இந்த இயல்பை "அறிவின் சாபம்" என்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்தவருக்கும் இதுதான் நடக்கிறது. ரகசியம் தெரிந்த நிமிடம் முதல் அவருக்கு அந்த மெட்டு மட்டுமே கேட்கிறது. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தால் மறைத்து வைத்த இடம்தான் பளிச்சென்று தெரிகிறது. "சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்" என்று எழுதுகிறார். எந்தச் சின்னப் பிள்ளையிடமும் அதைக் காட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

ரகசியத்தை மட்டும் வைத்து வித்தையை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு ஆய்வுக்கூடத்திலேயே சான்று இருக்கிறது. குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் ஆகிய இருவரும் 2006-இல் பழைய பந்து வித்தை ஒன்றைச் சோதித்தார்கள். வித்தைக்காரர் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார். கடைசி முறை எறிவது போலக் கையை மட்டும் அசைக்கிறார், பந்து கையிலேயே இருக்கிறது. அவருடைய பார்வை, பந்து மேலே போவது போலவே உயர்ந்தபோது, பார்த்தவர்களில் 68 சதவீதம் பேருக்குப் பந்து மேலே போய் மறைந்தது போலத் தெரிந்தது. கையில் அதே அசைவுதான், ஆனால் கண் மட்டும் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது 32 சதவீதமாக இறங்கிவிட்டது.

இந்த வித்தையைப் பெட்டியில் போட்டு விற்றால் குறிப்புத்தாளில் என்ன இருக்கும்? "பந்தை எறியாதீர்கள், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்." இதற்கு வரும் ரிவியூக்களை நீங்களே ஊகிக்கலாம். ஆனால் மூன்றில் இரண்டு பேர் இல்லாத பந்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்! வித்தை பந்திலும் இல்லை, குறிப்புத்தாளிலும் இல்லை. செய்பவரின் கண்ணும் பார்ப்பவரின் மூளையும் சேரும் இடத்தில் இருக்கிறது. பார்ப்பவரோ கடையில் ரிவியூ எழுத வருவதே இல்லை. அளக்க வேண்டிய ஆள் ஒருவர், அளப்பவர் இன்னொருவர். என்னைக் கேட்டால், போலி ரிவியூவைவிடப் பெரிய பிரச்சினை இதுதான்.

சரி, 5 நட்சத்திரக்காரருக்கு வருவோம். 1959-இல் லியோன் ஃபெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் இருவரும் மாணவர்களுக்கு மிகவும் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "நன்றாக இருந்தது" என்று சொல்ல வைத்தார்கள். அதற்கு 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்களே அந்த வேலை பிடித்திருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். பொய்க்குத் தக்க காரணம் வெளியே இல்லாதபோது மனம் தன் கருத்தையே மாற்றிக்கொள்கிறது. கணிசமாகச் செலவு செய்து, திருப்பவும் முடியாத ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவரின் மனமும் ஏறக்குறைய இதே நெருக்கடியில்தான் இருக்கிறது. போதாததற்குப் பல ரிவியூக்கள் பார்சல் வந்த அன்றே எழுதப்படுகின்றன. அன்று அவர் மதிப்பிடுவது வித்தையைக்கூட அல்ல, அந்த வீடியோ ஊட்டிய ஆசையை.

"நேரில் பார்த்தேன், தந்திரம் செய்ய வழியே இல்லை" என்பவர்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1880-களில் இங்கிலாந்தில் எஸ். ஜே. டேவி என்பவர் ஆவி எழுதுவதாகக் காட்டும் சிலேட்டுப் பலகை வித்தைகளைச் செய்து, பார்த்தவர்களிடம் நடந்ததை எழுதி வாங்கினார். முக்கியமான நிகழ்வுகள் அந்தக் குறிப்புகளில் விடுபட்டிருந்தன, வரிசை மாறியிருந்தது. 1887-இல் அவை வெளியாயின. கண்கட்டு வித்தை கண்ணோடு நிற்பதில்லை, நினைவையும் சேர்த்தே கட்டிவிடுகிறது.

இனி எண்கள். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வாசகர் கருத்துகள் சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் முதல் ஆதரவு ஓட்டைத் தாங்களே போட்டார்கள். அந்த ஒரு ஓட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. மேஜிக் பொருள்களுக்கு ரிவியூக்களே சொற்பம். முதல் நாலைந்து பேர் வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி பெற்றவர்களாக இருந்தால், பின்னால் வருபவர்கள் எந்தக் காற்றில் சாய்வார்கள் என்று பாருங்கள்.

குறைந்த எண்ணிக்கையைக் கையாளக் கணித அறிஞர் லாப்லாஸ் ஒரு எளிய வழி தந்திருக்கிறார்: திருப்தியானவர்களோடு 1-ஐயும், மொத்தத்தோடு 2-ஐயும் கூட்டி வகுக்க வேண்டும். 5-க்கு 5 பேர் புகழ்ந்தால் 7-இல் 6, அதாவது 86 சதவீதம். 100-க்கு 93 பேர் என்றால் 102-இல் 94, அதாவது 92. ஏழு பேர் குறை சொன்ன பொருளே முன்னால் நிற்கிறது.

போலிகளைக் கண்ணால் பிரிப்பது கடினம். 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோ ஓட்டல்களைப் பற்றி 400 உண்மை ரிவியூக்களையும் 400 போலிகளையும் திரட்டி, அவற்றில் ஒரு பகுதியைக் கலந்து கொடுத்தபோது, மனிதர்களின் கணிப்பு காசு சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. மென்பொருள் 90 சதவீதத்தை நெருங்கியது. உண்மையாகத் தங்கியவர்கள் அறையின் அளவு, குளியலறை என்று இடத்தைப் பற்றி எழுதினார்கள். போலிகளில் யாரோடு வந்தோம், எதற்கு வந்தோம் என்பது தூக்கலாக இருந்தது. இன்றைக்கு அந்த நுணுக்கங்களையும் இயந்திரமே எழுதித் தந்துவிடும் என்பதால் அந்த 90-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் எதைத் தேடிப் படிப்பது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

சிறிய கூட்டங்களில் சில வருடங்களாக வித்தை செய்துவருபவன் என்ற முறையில், நான் முதலில் திறப்பது 3 நட்சத்திர ரிவியூக்களை. "வலது பக்கம் ஆள் நின்றால் மாட்டிக்கொள்வீர்கள்." "ஒருமுறை செய்தபின் மறுபடி தயார் செய்ய இரண்டு நிமிடம் ஆகும்." "அரைக்கைச் சட்டையில் முடியாது." "காந்தம் ஒரு மாதத்தில் கழன்றுவிட்டது." இவை ரகசியத்தைத் தொடவில்லை, ஆனால் செய்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். வீடியோவோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்: கேமரா ஏன் இடப்பக்கமே நிற்கிறது என்ற கேள்விக்கு அந்த முதல் வரி பதில் சொல்லிவிடும். சில புகார்கள் எனக்குச் சிபாரிசாகவே படுகின்றன. "நிறையப் பயிற்சி வேண்டும்" என்று 2 நட்சத்திரம் போட்டிருந்தால், பயிற்சி செய்யத் தயாராக இருப்பவர் தைரியமாக வாங்கலாம்.

நான் எழுதும் ரிவியூவை இப்போதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறேன். கடைசியாக எழுதியது இது: "பதினான்கு பேருக்குத் தனித்தனியாகக் காட்டினேன். இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், இருவருமே எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள். முழுக்கைச் சட்டை அவசியம்."