சொல் விளக்கம்: கப்பல்காரர் கொடுக்கும் ‘புரோட்டஸ்ட்’

மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கிள்ளான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வரும் சொற்களில் ஒன்று ‘நோட் ஆஃப் புரோட்டஸ்ட்’. “கேப்டன் புரோட்டஸ்ட் கொடுத்திட்டாராம்” என்றால் கேட்பவருக்கு ஸ்டிரைக் ஞாபகம்தான் வரும். ‘எதிர்ப்புக் குறிப்பு’ என்று மொழிபெயர்ப்பவர்களும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. ‘புரோட்டெஸ்டாரி’ என்றால் பலரறியச் சாட்சி சொல்வது. எதிர்ப்பு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. கப்பல் தொழிலோ பழைய பொருளை விடவில்லை.

புயலில் சரக்கு நனைந்துவிட்டது, அல்லது கப்பல் தரைதட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் சேர்ந்ததும், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள், கேப்டன், ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி முன் போவார். எங்கிருந்து புறப்பட்டோம், என்ன சரக்கு, காற்றும் அலையும் எப்படி, என்ன நடந்தது என்று லாக் புக்கை, அதாவது கப்பலின் பயணக் குறிப்பேட்டை, வைத்துப் பதிவு செய்வார். சேதம் முழுதாகத் தெரிந்திருக்காது. அதனால் பிறகு விரித்துச் சொல்லும் உரிமையையும் அதிலேயே எழுதிவைப்பார். நாளை சரக்குக்காரரோ இன்சூரன்ஸோ கேள்வி கேட்டால் காட்ட இது இருக்கும்.

சாலையில் மோதினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போட் போடுகிறோமே, அதுவா? அல்ல. அதற்குக் கடலில் வேறு வழி: ஆபத்து என்றால் 999 வழியாகக் கடல்சார் அமலாக்கத்தினர், விபத்து அறிக்கை அரசாங்கக் கடல் துறையான ஜபாத்தான் லாவுட்டுக்கு. இரண்டு கப்பல்கள் மோதினால் மற்றதற்கு உதவவேண்டும். முடிந்தவரை தன் கப்பலின் பெயர், பதிவுத் துறைமுகம், போய்ச்சேரும் அருகிலுள்ள துறைமுகம் ஆகியவற்றையும் சொல்லவேண்டும் என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம். புரோட்டஸ்ட் கொடுத்ததால் இவை எதுவும் கழிந்துவிடாது.

தமிழில் ‘கடற்சான்றுரை’ என்பது என் தேர்வு. சாட்சிக்குக் ‘கரி’ என்ற பழஞ்சொல் உண்டு. ஆனால் ‘கடற்கரி’ என்றால் நிலக்கரிக்குத் தம்பி என்பார்கள், வேண்டாம். கொடுப்பவர் மீகாமன். மலாயில் அவர் நக்கோடா; ‘கப்பல் தலைவன்’ என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து வந்த சொல். அவர் ஏறும் ‘காப்பால்’ மட்டும் நாம் கொடுத்த கப்பல்தான்.

வாக்கியத்தில்: மீகாமன் விபத்தை ஜபாத்தான் லாவுட்டுக்கு அறிவித்தார், கரையேறியதும் நோட்டரியிடம் கடற்சான்றுரை பதிந்தார்.