குளியலறை வாசலில் நினைவுக்கு வந்த வாத்தியார்

இன்டீரியர் வேலை முழுக்க நான் செய்து கொடுத்த ஃபிளாட் அது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். வீட்டு அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து சக்கர நாற்காலி. அது குளியலறை வாசலில் முட்டி நிற்கிறது.

டேப் பிடித்துப் பார்த்தேன். வரைபடத்தில் இரண்டரை அடிக் கதவு. நிலைச்சட்டமும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் தின்றதுபோக மிச்சம் 24 அங்குலம். நாற்காலி 26. மகன்தான் தினமும் தூக்கிக்கொண்டு போகிறார். “கைக்குழந்தை மாதிரி ஆயிட்டேன் தம்பி” என்றார் அந்தம்மா. அந்தக் கதவை வரைந்தவன் நான்.

கட்டடக்கலைஞர் ரொனால்ட் மேஸ் நினைவுக்கு வந்தார். 9 வயதில் போலியோ தாக்கியவர். அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தபோது அவரையும் மாடிப்படிகளில் தூக்கித்தான் போனார்கள். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. 1966-இல் பட்டம் வாங்கியவர், பிறகு அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியராகி, 1989-இல் ஒரு மையத்தையும் தொடங்கினார். ‘யூனிவர்சல் டிசைன்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதன் ஏழு கொள்கைகளை அவரும் சகாக்களும் 1997-இல் வெளியிட்டார்கள். மறு வருஷமே காலமானார். அவர் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் ஆசிரியர் தினத்தில் என் வாத்தியார் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

ஊனமுற்றவர்களுக்கென்று தனியாக ஒன்று செய்யாதே, எல்லோருக்கும் ஆகிற மாதிரியே செய் என்பதுதான் அவர் பாடம். உருண்டைக் குமிழுக்குப் பதில் லீவர் கைப்பிடி போட்டால் மூட்டுவலிக்காரரும் திறப்பார், சோப்புக் கையோடு நிற்கிற நாமும் திறப்போம்.

ஃபிளாட் புக் செய்திருப்பவர்கள் சுவர் எழும்பும் முன்பே கேளுங்கள். கதவு அளவைக் கேட்காதீர்கள், கதவைத் திறந்தபின் மிஞ்சும் உள்ளளவைக் கேளுங்கள். 32 அங்குலம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. கைப்பிடிக் கம்பி வரும் இடத்தில் டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரைக் கெட்டியாக்கச் சொல்லுங்கள். (“எங்களுக்கு இன்னும் வயசாகலியே சார்” என்பார்கள். எனக்கும் ஆகவில்லைதான்.)

அந்த வீட்டில் நிலையைப் பெயர்த்தெடுத்து, வெளிச்சுவரோடு ஓடுகிற ஸ்லைடிங் கதவு மாட்டினோம். மூன்று நாள் தூசி. இப்போது அந்தம்மா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போகிறார். கம்பி மட்டும் பாக்கி. அந்தச் சுவர் ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்), ஸ்க்ரூ பிடிக்க மாட்டேன் என்கிறது.